குழாய் ஒழுகுது, எழுவாய் எங்கே?

வாடகை வாசல்: கேள்வி - பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் வீட்டுக்காரர்கள் எழுதியவையும் உண்டு, குடித்தனக்காரர்கள் எழுதியவையும் உண்டு. இரு தரப்புமே "தயவுசெய்து பெயரைப் போட்டுவிடாதீர்கள்" என்று கடைசி வரியில் கேட்டிருப்பதால், ஊரும் ஓர் அடையாளமும் மட்டும்.

கேள்வி: பன்னிரண்டு போர்ஷன், நான்கு கடை வாடகைக்கு விட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆள் வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- தனிக்காட்டு ராஜா, நங்கநல்லூர்

சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடுகளை எண்ணி ஆள் வைப்பவர்கள் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். எண்ண வேண்டியது அழைப்புகளை. புதுக் கட்டடத்தில் இருபது வீடு இருந்தாலும் போன் சும்மா கிடக்கும். முப்பது வயதுக் கட்டடத்தில் ஆறு போர்ஷனே உங்களை நாலு திசைக்கும் ஓட வைக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், வருகிற ஒவ்வொரு அழைப்பையும் எழுதுங்கள்: தேதி, எந்த வீடு, என்ன விஷயம், போனிலேயே முடிந்ததா, நேரில் போனீர்களா, எவ்வளவு நேரம் பிடித்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். போனில் முடிந்தவை அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது ஒரு குரல். நேரில் போனவை அதிகம் என்றால் வேண்டியது இரண்டு கால். கால் தேவைப்படுகிற இடத்தில் குரலை உட்கார வைத்துவிட்டு, "ஆள் வைத்தும் பிரயோஜனமில்லை சார்" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய.

கேள்வி: முதல் ஆளாக யாரை வைப்பது? கணக்குப்பிள்ளையா, பிளம்பரா, எலக்ட்ரீஷியனா?
- மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டவர், உறையூர்

போனை எடுத்து, கேட்டதை எழுதி, முடியும் வரை விடாமல் துரத்துகிறவரை. பிளம்பர் தினமும் தேவைப்பட்டால் நீங்கள் மாற்ற வேண்டியது கட்டடத்தின் பைப் லைனை. கணக்கு மாதத்துக்கு இரண்டு நாள் வேலை. பகுதி நேரமாக ஒருவர் போதும்.

கூலிக்குக் கூப்பிடுகிற கைவேலைக்காரர்களில் மட்டும் ஒரு தொழிலுக்கு இரண்டு பேர் கைவசம் இருக்கட்டும். ஒருவரை மட்டும் நம்பினால், அவர் தங்கை கல்யாணத்தன்றுதான் உங்கள் சம்ப் மோட்டாரில் காயில் எரியும்.

கேள்வி: எங்கள் வாட்ச்மேன் எப்போது பார்த்தாலும் தூங்குகிறார். 24 மணி நேர வேலை என்று சொல்லித்தான் சேர்த்தேன். என்ன செய்யலாம்?
- விழித்திருப்பவர், மேடவாக்கம்

கணக்குப் போடலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மனிதர் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் 48. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. அதாவது உங்கள் கேட்டுக்கு மூன்றரை வாட்ச்மேன் வேண்டும். நீங்கள் ஒருவரை வைத்திருக்கிறீர்கள். அவர் விழித்திருக்கும்போது பார்ப்பது அவருடைய வேலை. தூங்குவது வராத இரண்டரைப் பேருடைய வேலை.

மூன்றரைச் சம்பளம் கட்டுப்படியாகாது என்றால் வேலையைக் குறையுங்கள். இரவு பதினொன்றுக்கு கேட்டைப் பூட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி கொடுத்துவிட்டு, அவரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்காவது தெளிவாக எழுந்திருப்பார்.

கேள்வி: என் மனைவியின் தம்பி சும்மாதான் இருக்கிறான். மேனேஜராகப் போடலாமா?
- கையைப் பிசைபவர், மதுரை

ஆளறிந்து வேலை கொடுப்பதற்கு வள்ளுவர் 52-ஆம் அதிகாரம் ஒதுக்கினார், தெரிந்துவினையாடல். சொந்தக்காரரை அணைத்துக்கொள்வதற்கு 53-ஆம் அதிகாரம், சுற்றந்தழால். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். ஆனால் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, பார்த்தீர்களா?

மச்சானைக் கண்டிக்க முடியுமா, கண்டித்த அன்று ராத்திரி வீட்டில் சோறு கிடைக்குமா என்று யோசியுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால், வேலை இன்னதென்று எழுதிக் கொடுத்து, சம்பளம் பேசிப் போடுங்கள். "நம்ம பையன்தானே" என்று சம்பளம் பேசாமல் வைத்தால், அவரே பேசி எடுத்துக்கொள்வார்.

கேள்வி: கேட்டில் என் நம்பர், மனைவி நம்பர், மேனேஜர் நம்பர் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கழிவறை அடைப்புக்கு மூன்று பிளம்பர் வந்து நின்றார்கள்!
- தாராள மனசுக்காரர், அம்பத்தூர்

அடுத்த வாரம் ஒருவரும் வர மாட்டார்கள். "அவர் பார்த்திருப்பார்" என்று மூவருமே நினைத்துக்கொள்வீர்கள். மூன்று நம்பர் கொடுத்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

ஒரே நம்பர். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், போன் ஆபீஸ் மேஜையில் இருக்கட்டும். எடுக்காவிட்டால், லைன் பிஸியாக இருந்தால், சிக்னல் இல்லாவிட்டால் என்று மூன்று நிலைமைக்கும் தனித்தனியாக அழைப்பை வேறு போனுக்குத் திருப்பிவிடும் வசதி செல்போன் செட்டிங்கிலேயே இருக்கிறது. காலையில் மேனேஜருக்கு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு என்று நீங்கள் திருப்பிக்கொள்ளுங்கள். குடித்தனக்காரருக்குத் தெரிய வேண்டியது பத்து இலக்கம் மட்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தில் ஏழு வருடம் இருந்த மேனேஜர் விலகிப் போனார். டு-லெட் பலகை, ரசீது, புரோக்கர்களின் டைரி எல்லாவற்றிலும் அவருடைய சொந்த நம்பர். அவர் போய் ஆறு மாதமாகியும் எங்கள் காலி வீட்டுக்கான விசாரணை எல்லாம் அவருக்கே போயிற்று. நல்ல மனிதர், எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, தான் புதிதாகச் சேர்ந்த இடத்துக்கு அனுப்பி வைத்தார்.

கேள்வி: "வாடகைக்கு ஒன்றை அழுத்தவும், பழுதுக்கு இரண்டை அழுத்தவும்" என்று கம்பெனிகளில் வருகிறதே, அதுபோல் வைக்க ஆசை. மொத்தம் பதினெட்டு வீடு.
- நவீனர், கோவை

சமையலறையில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருக்கும்போது அவர் ஒன்றையும் அழுத்த மாட்டார். நேராக வந்து உங்கள் காலிங் பெல்லை அழுத்துவார்.

கேள்வி: நான் குடித்தனக்காரன். படுக்கையறைச் சுவரில் ஓதம். நான்கு முறை புகார் செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "சொல்லியாச்சு சார், பார்த்துக்கலாம், ஆள் வருவாங்க" என்கிறார்கள். ஆள் மட்டும் வருவதில்லை. ஏன்?
- ஈரச் சுவர்க்காரர், வேளச்சேரி

பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். செயல் இருக்கும், செய்கிறவர் பெயர் வாக்கியத்தில் இருக்காது. நம் ஆபீஸ் தமிழ் முழுக்க அதன் மேல்தான் குடியிருக்கிறது. "சொல்லியாச்சு": யார் சொன்னார், யாரிடம்? "பார்த்துக்கலாம்": யார், என்றைக்கு? "ஆள் வருவாங்க": எந்த ஆள்? மூன்று வாக்கியத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை. மனிதரே இல்லாத வாக்கியத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு யார் வருவார்?

சிறிய வாடகைத் தொழில்கள் பணத்தட்டுப்பாட்டில் கெடுவதைவிட இந்த இலக்கணத்தில் கெடுவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். குழாய் ஒழுகுவதற்காக யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. ஒழுகுகிறது என்று சொன்னதை யாருமே வாங்கிக்கொள்ளவில்லை என்று தெரியும்போதுதான் பேப்பரில் வாடகை விளம்பரம் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

ஆகவே முதல் பதிலில் சொன்ன நோட்டில் இரண்டு கட்டம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் ஓனரை: "யார்" என்று ஒன்று, "என்றைக்குள்" என்று ஒன்று. "யார்" கட்டத்தில் "பிளம்பர்" என்று எழுதினால் செல்லாது. பெயர் வேண்டும். இரண்டு பெயரும் கூடாது. நீங்களும் ஐந்தாவது முறை புகார் செய்யும்போது "எப்போ சார் வருவாங்க?" என்று கேட்காதீர்கள். "வருகிறவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். எதிர்முனையில் ஒரு நிசப்தம் வரும். வேலை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: மேனேஜருக்கு என்னென்ன அதிகாரம் கொடுக்கலாம்? வாயால் சொன்னால் போதுமா?
- சட்டம் படிக்காதவர், சேலம்

போதாது. தமிழ்நாட்டில் வாடகை உறவுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போயிற்று. புதுச் சட்டத்தில் சொத்து மேலாளர் என்று ஒருவர் தனியாகவே வருகிறார். ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, பழுது பார்க்க வைப்பது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, பராமரிப்பு, வாடகை பாக்கி, காலி செய்தல் போன்றவற்றுக்கு நோட்டீஸ் கொடுப்பது, தகராறு தீர உதவுவது ஆகியவை அவர் கடமைகள். அவர் பெயர் என்ன, எதற்கெல்லாம் உங்கள் சார்பில் செயல்படலாம் என்பதைக் குடித்தனக்காரருக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். பார்த்தீர்களா, சட்டமும் எழுவாயைத்தான் கேட்கிறது.

கொடுக்க முடியாத அதிகாரம் ஒன்று உண்டு. வாடகை தரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது. அது மேனேஜருக்கும் கிடையாது, உங்களுக்கே கிடையாது.

கேள்வி: குடித்தனக்காரர்களுக்காக வாட்ஸ்அப் குரூப் தொடங்கினேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, மாமியார் ஜோக், தேர்தல் சண்டை. நடுவில் "மூன்றாவது மாடியில் தண்ணீர் வரலை" என்ற செய்தி எங்கேயோ போய்விட்டது.
- குரூப் அட்மின், தாம்பரம்

குரூப் என்பது கோயில் மணி மாதிரி. அடிக்கிறவர் ஒருவராகவும் கேட்கிறவர் பலராகவும் இருக்கும் வரைதான் அர்த்தம். அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று செட்டிங்கை மாற்றுங்கள். "நாளை காலை 10 முதல் 12 வரை டேங்க் கழுவுகிறோம், தண்ணீர் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்" என்பது குரூப்புக்கு. புகார் ஆபீஸ் நம்பருக்குத் தனியாக வரட்டும். அங்கிருந்து நோட்டுக்குப் போகட்டும்.

வாடகை பாக்கியைக் குரூப்பில் கேட்காதீர்கள். பணம் ஒருவேளை வந்துவிடும், மனிதர் திரும்ப வர மாட்டார். குடிவருகிறவரின் ஆதார் நகலையும் அதில் போடாதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதாரை அவரே இறக்கிக் கொடுக்கலாம். அதையும் ஒரே ஒருவர் வாங்கி, ஒரே இடத்தில் வைக்கட்டும்.

கேள்வி: சில மாதம் மூச்சுவிட நேரமில்லை, சில மாதம் ஊழியர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
- காற்றடிக்கும் பக்கம் திரும்புபவர், மயிலாப்பூர்

இங்கிலீஷ் காலண்டரைக் கழற்றி வையுங்கள். நம் ஊர் வாடகைத் தொழில் நடப்பது தினசரிக் காலண்டரின் தமிழ்ப் பக்கத்தில்.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, காலியான வீடு காலியாகவே கிடக்கும். அதற்காக வாடகையைக் குறைத்துப் பதறாதீர்கள். ஆவணி பிறந்ததும், தை பிறந்ததும் பால் காய்ச்ச வரிசையில் நிற்பார்கள். இன்னொரு கூட்டம் பள்ளிக்கூடம் மூடுகிற ஏப்ரல், மே மாதங்களில் வரும். இந்த மூன்று பருவத்தில்தான் வீடு காட்ட, சாவி கொடுக்க, ஒப்பந்தம் போட ஆள் வேண்டும். பண்டிகை லீவு தவிர யாருக்கும் லீவு தராதீர்கள். தேவைப்பட்டால் ஒரு மாதத்துக்குக் கூடுதல் ஆள் வையுங்கள்.

ஆடியில் வேறு வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மொட்டை மாடி விரிசல், மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த இலை, எல்லாக் கட்டடத்துக்கும் 2003-லேயே கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழி, இவற்றையெல்லாம் ஆடி, ஆவணியில் பார்த்து முடித்தால் ஐப்பசியில் உங்கள் போன் தூங்கும். அப்போது செலவழிக்கும் நான்கு நாள் கூலி, அடைமழையில் பத்து ராத்திரித் தூக்கம்.

கோடையில் தண்ணீர் லாரியைத் துரத்தவே ஒருவர் வேண்டும். சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாதம் முடிவதற்குள் கட்டினால் சென்னை மாநகராட்சி 5 சதவீதம் தள்ளுபடி தருகிறது. அந்த இரண்டு தேதிகளுக்கும் ஒரு பெயர் போட்டுவையுங்கள். "கட்டியிருப்பாங்க" என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: ராத்திரி பதினொன்றரைக்கு "ஃபேன் சத்தம் போடுது" என்று போன். எடுப்பதா, வேண்டாமா?
- தூக்கம் கெட்டவர், ஈரோடு

எடுங்கள். ஆனால் எது அவசரம் என்பதைக் குடிவருகிற நாளிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தீப்பொறி, கேஸ் வாசனை, நிற்காமல் கொட்டும் தண்ணீர், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள், பூட்டிக்கொண்ட கதவுக்குள் குழந்தை: இதற்கெல்லாம் எந்நேரமும் கூப்பிடலாம். ஃபேன் சத்தம், ஹீட்டர் சூடாகவில்லை, எதிர்வீட்டு டிவி: காலை ஒன்பது மணி.

கதவின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். தீயணைப்பு 101. கேஸ் கசிவுக்கு 1906. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987; அது 24 மணி நேரமும் இயங்கும். தெரு முழுக்க கரண்ட் போனதற்கு உங்களை எழுப்புகிறவர்கள் குறைவார்கள். நீங்கள்தான் கரண்ட் தயாரிக்கிறீர்கள் என்று அவர்கள் நம்புவதற்கு இதுவரை நீங்களும் ஒரு காரணம்.

கேள்வி: வாடகை பாக்கியைக் கேட்கும்போது சண்டையாகிவிடுகிறது. நான் கேட்பதா, ஊழியர் கேட்பதா?
- சாந்தமானவர் (என்று அவரே சொல்கிறார்), தூத்துக்குடி

முதலில் ஊழியர். கடைசியில் நீங்கள். பிரம்மாஸ்திரத்தை முதல் நாளே விட்டுவிட்டால் இரண்டாம் நாளைக்கு வில் மட்டும்தான் கையில் இருக்கும்.

அதற்கும் முன்னால், அவருக்குச் சம்பளம் என்றைக்கு வருகிறது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம். நீங்கள் 1-ஆம் தேதி வாடகை கேட்டால், அவர் முதலாளி இன்னும் தராத பணத்தைக் கேட்கிறீர்கள். அவருக்குக் கெடு 8 என்று வையுங்கள். ஆறாம் தேதி குறுஞ்செய்தி, ஒன்பதாம் தேதி ஊழியரின் போன், பன்னிரண்டாம் தேதி உங்கள் போன். பாதிச் சண்டை தேதியிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: வாடகை வசூலித்த ஆள் மூன்று மாதப் பணத்தோடு காணாமல் போய்விட்டான். நம்பிக்கை மோசம்!
- நொந்தவர், வேலூர்

வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் அவனை நம்பவில்லை, சோதிக்கச் சோம்பல்பட்டீர்கள். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள். இனி யுபிஐ என்றால் தொழிலின் கணக்குக்கு மட்டும். ரொக்கம் என்றால் வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம், கார்பன் தாளோடு. பணம் வாங்குகிறவர் ஒருவர், கணக்கில் எழுதுகிறவர் வேறொருவர். இரண்டு பேர் இல்லாவிட்டால் எழுதுகிற வேலை உங்களுடையது. நல்ல ஊழியருக்கும் இதுதான் பாதுகாப்பு: பத்து வருடம் கழித்து அவர் மேல் யாரும் சந்தேகப்பட முடியாது.

கேள்வி: நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஓனரின் ஆள் மாற்றுச் சாவியால் திறந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சரியா?
- பூட்டியும் பூட்டாதவர், சோழிங்கநல்லூர்

சரியில்லை. பழுதுபார்க்கவோ பார்வையிடவோ உள்ளே வர குறைந்தது 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே 2017 சட்டம்.

ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை: மாற்றுச் சாவிகள் ஒரே பலகையில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். எடுத்தால் பெயரும் நேரமும் எழுதிவிட்டு எடுக்கட்டும். சாவிக்கொத்தில் வீட்டு விலாசத்தை எழுதித் தொங்கவிடாதீர்கள். தொலைந்தால் கண்டெடுத்தவர் வீடு தேடி வந்து கொடுப்பார் என்பது ஒரு வகை நம்பிக்கை. வீடு தேடி வருவார் என்பது மட்டும் நிச்சயம்.

கேள்வி: செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. மேனேஜர் "குறைந்த காசுக்கு ஆள் இறங்குவாங்க" என்கிறார்.
- செலவு பார்ப்பவர், ஆவடி

இந்தக் கேள்விக்குச் சிரிப்பு கிடையாது. யாரையும் இறக்காதீர்கள். மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அந்தத் தொட்டிக்குள் இருக்கும் விஷவாயு, இறங்கியவரைக் கூப்பிடக்கூட விடாது. அவரைத் தூக்க இறங்குகிறவரும் திரும்புவதில்லை.

14420-ஐக் கூப்பிட்டு, இயந்திர லாரியை வரவழையுங்கள். மேனேஜர் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்: "ஆள் இறங்குவாங்க." இங்கேயும் பெயர் இல்லை. பெயரும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் என்று தெரிந்தால் அந்த வாக்கியம் வாயில் வராது.

கேள்வி: தரைத்தளத்தில் குடியிருக்கும் அம்மா நன்றாகப் பேசுவார், கணக்கும் தெரியும். காலை நேரம் ஆபீஸ் போனை அவரிடம் கொடுக்கலாமா? வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.
- ஒரே கல்லில் இரண்டு மாங்காய், திண்டுக்கல்

கொடுங்கள், அருமையான யோசனை. கழிக்காதீர்கள், அது மோசமான யோசனை. சம்பளம் தனியாக, வாடகை தனியாக. கலந்துவிட்டால், நாளைக்கு வாடகையை ஏற்றும்போது அவர் சம்பளம் குறையும். வேலையை விட நினைத்தால் வீட்டையும் விட வேண்டுமோ என்று பயம் வரும். காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை என்றால் ஒன்றோடு முடிய வேண்டும். அடுத்த வீட்டில்தானே இருக்கிறார் என்று சாயங்காலம் கதவைத் தட்டக் கூடாது.

கேள்வி: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லா ஊழியரும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். பண்டிகைக்குத்தான் தண்ணீர்ப் பிரச்சினையும் வருகிறது.
- ஊரே இல்லாத சென்னைக்காரர், புரசைவாக்கம்

மூன்று மாதம் முன்பே முறை போட்டுவிடுங்கள்: தீபாவளிக்கு நின்றவர் பொங்கலுக்குப் போவார். பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்கிறவரோடு ஓர் உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்டிகைக்கு உங்கள் ஆள் அவர் கட்டடத்தையும் பார்ப்பார், அடுத்ததற்கு அவர் ஆள் உங்களுடையதை. போட்டியாளர்தான், ஆனால் அவர் சம்ப்பிலும் அதே தண்ணீர்தான்.

கேள்வி: எட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்க்கலாமா?
- வளர்பவர், ஓசூர்

சேர்க்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். பொதுவாகப் பத்துப் பேரில் இ.எஸ்.ஐ. வாசல், இருபது பேரில் பி.எஃப். வாசல். பயந்து ஒன்பதிலேயே நிற்காதீர்கள். மொட்டை மாடி டேங்க் ஏணியில் ஏறுகிற ஒருவருக்காவது அந்த அட்டை தேவைப்படும் நாள் வரும்.

கேள்வி: காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. அட்வான்ஸைக் கேட்டால் "ஓனர் ஊர்ல இல்லை" என்கிறார்கள்.
- பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர், போரூர்

கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸே மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆகவே எழுத்தில் கேளுங்கள். ஓனர்களுக்கு: சாவி கொடுக்கிற நாளிலும் வாங்குகிற நாளிலும் இரு தரப்பும் நின்று அறை அறையாகப் படம் எடுத்துவிட்டால், ஆணி அடித்த ஓட்டைக்கு ஐயாயிரமா என்ற வழக்கு வராது.

கேள்வி: இத்தனை நோட்டு எதற்கு? ஒரு ஆப் வாங்கினால் முடிந்ததே?
- நவீனரின் மகன், கோவை

வாங்குங்கள் தம்பி. ஆனால் மூன்று மாதம் நோட்டில் எழுதிப் பழகிய பிறகு. நோட்டில் "யார்" கட்டத்தைக் காலியாக விடுகிற ஆபீஸ், ஆப்பிலும் காலியாகத்தான் விடும். மாதச் சந்தா மட்டும் தவறாமல் போகும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் எதுவும் ஒழுகுவதில்லையா?
- வம்பர், மாயவரம்

மூன்று வாரமாகச் சமையலறைக் குழாய். நேற்று என் மனைவி கேட்டபோது வாய் தவறி "சொல்லியாச்சு" என்றுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இன்று காலை மேஜையில் என் நோட்டு திறந்து கிடந்தது. "யார்" கட்டத்தில் என் பெயர், அவள் கையெழுத்தில். "என்றைக்குள்" கட்டத்தில் இன்றைய தேதி. ஆகவே இந்த வாரப் பகுதியை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். ஸ்பேனரைத் தேட வேண்டும்.